97 வீதத்தில் நிற்கும் கேம்: ஒரு எரர் செய்தியின் வரலாறு

கேம் இன்ஸ்டோல் ஆகிக்கொண்டு இருக்கும். பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்து 97 வீதத்துக்கு வரும். பிறகு சின்னப் பெட்டி ஒன்று குதித்து, "அன்ஆர்க் டிஎல்எல் ஒரு எரர் கோட் தந்தது" என்றோ, "சிஆர்சி பெயில்ட்" என்றோ, "அன்எக்ஸ்பெக்டட் என்ட் ஒஃப் ஆர்க்கைவ்" என்றோ சொல்லும். இரண்டு நாள் டேட்டா போச்சு. பக்கத்தில் இருக்கிறவர் "திரும்ப டவுன்லோட் பண்ணு மச்சான்" என்பார். இன்னொருவர் "வைரஸ் கார்டை ஓஃப் பண்ணிப் பார்" என்பார். மூன்றாமவர் "உன்ர கொம்பியூட்டர் பழசு" என்று முடித்து விடுவார்.

இந்த மூன்று பதிலும் சில வேளை சரிவரும். ஆனால் ஏன் சரிவருகிறது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டியில் வருகிற ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் ஒரு ஆள், ஒரு வருடம், ஒரு சண்டை இருக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் எரர் கொஞ்சம் குறையப் பயமுறுத்தும் என்பது என் எண்ணம்.

பரீட்சை எழுத விருப்பமில்லாத மாணவன்

1951ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்ஐடி. ரொபேர்ட் ஃபானோ என்ற பேராசிரியர் தகவல் கோட்பாடு படிப்பிக்கிறார். முடிவுப் பரீட்சை எழுதலாம், அல்லது ஒரு கட்டுரை சமர்ப்பிக்கலாம் என்று மாணவர்களுக்குச் சொல்கிறார். கட்டுரைக்கான கேள்வி: எழுத்துகளை 0, 1 என்ற குறிகளாக மாற்றும்போது ஆகக் குறைந்த இடம் பிடிக்கிற முறை எது? அந்தக் கேள்விக்கு அதுவரை ஒருவரும், ஃபானோவும் உட்பட, முழு விடை காணவில்லை என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

டேவிட் ஹஃப்மன் என்ற மாணவன் கட்டுரையைத் தெரிவு செய்தான். மாதக்கணக்காக மண்டையை உடைத்தும் ஒண்டும் சரிவரவில்லை. சரி, பரீட்சைக்கே படிப்போம் என்று குறிப்புகளைக் குப்பைக் கூடையில் போடும்போதுதான் விடை பிடிபட்டது. மற்றவர்கள் மேலிருந்து கீழே பிரித்துக்கொண்டு போனார்கள். ஹஃப்மன் கீழிருந்து மேலே கட்டினான். ஆகக் குறைவாக வரும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒன்றாக்கு, பிறகு அடுத்த ஆகக் குறைந்த இரண்டு என்று ஏறிக்கொண்டு போ. அவ்வளவுதான். 1952இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

யோசனை மோர்ஸ் தந்திக் குறியில் ஏற்கெனவே இருந்ததுதான். அடிக்கடி வருவதற்குச் சின்னக் குறி, அருமையாக வருவதற்கு நீண்ட குறி. தமிழில் என்றால் "ம்" என்ற எழுத்துக்குச் சில பிட் போதும். "ஞௌ" பாவம், இருபது பிட்டோடு மூலையில் கிடக்கலாம். அது வருவதே இல்லையே. ஹஃப்மன் செய்தது, இதைவிடக் குறைக்க இந்த வழியில் ஏலாது என்று கணிதமாகக் காட்டியது.

ஆனால் இங்கேதான் முதல் ஆபத்தும் பிறக்கிறது. குறிகளுக்கு நீளம் ஒரேமாதிரி இல்லை, இடையில் கமாவும் இல்லை. எங்கே ஒரு எழுத்து முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்துதான் அறிய வேண்டும். நடுவில் ஒரு பிட் மாறினால் அதன் பின்னால் எல்லா எல்லைக்கோடும் நகர்ந்துவிடும். சில வேளை கொஞ்ச தூரம் போய் தானாகத் தடத்துக்கு வரும். ஆனால் இடையில் வந்தது முழுக்கக் குப்பை.

"பின்னால் போ, பார்த்து எழுது"

அடுத்த பெரிய அடி 1977இல் விழுந்தது. ஆப்ரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள். அவர்கள் எழுத்துகளை எண்ணாமல், திரும்பத் திரும்ப வருவதைத் தேடினார்கள். "அரிசி வாங்கினான், பருப்பு வாங்கினான், தேங்காய் வாங்கினான்" என்ற வசனத்தை எடுங்கள். "வாங்கினான்" என்பதை மூன்று தரம் எழுதத் தேவையில்லை. முதல் தரம் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் "இத்தனை எழுத்து பின்னால் போ, இத்தனை எழுத்தைப் பார்த்து எழுது" என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும்.

இன்றைக்கும் சிப், ரார், செவன்சிப், கேம் இன்ஸ்டோலர், எல்லாவற்றுக்கும் உள்ளே இந்த இருவரின் யோசனைதான் ஏதோ ஒரு வடிவில் ஓடுகிறது. 1978இல் இன்னொரு முறையையும் வெளியிட்டார்கள். அதை 1984இல் டெரி வெல்ச் திருத்தியதுதான் ஜிஃப் படங்களுக்குள் போன எல்ஸெட்டபிள்யூ.

இதிலும் அதே ஆபத்து, இன்னும் பெரிதாக. முதல் "வாங்கினான்" பழுதாகி "வாங்கினாள்" ஆனால், அதைப் பார்த்து எழுதிய எல்லா இடத்திலும் "வாங்கினாள்" வரும். அந்த இடத்தைப் பார்த்து எழுதிய மற்ற இடங்களும் கெடும். சாதாரண டெக்ஸ்ட் பைலில் ஒரு எழுத்து கெட்டால் ஒரு எழுத்துதான் கெடும். அழுத்திய பைலில் ஒரு எழுத்து கெட்டால் அதன் பரம்பரையே கெடும். இடத்தை மிச்சம் பிடிப்பது என்றால் திரும்பச் சொல்வதை நீக்குவது. திரும்பச் சொல்வதுதான் பிழையைத் தாங்குகிற மெத்தையும். மெத்தையை எடுத்துவிட்டு விழுந்தால் நோகும்தானே.

இரண்டு எழுத்து, ஒரு வழக்கு

ஒரு சிப் பைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்தும் ஆங்கிலத்தில் பி, கே. எந்த வேர்ட் டொகியுமெண்ட்டை, அன்ட்ரொயிட் ஏபிகேயை, இபப் புத்தகத்தைத் திறந்தாலும் அநேகமாக அதே இரண்டு எழுத்து. அது ஃபில் கட்ஸ் என்ற ஆளின் பெயர்ச் சுருக்கம்.

1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் மொடெம் வைத்து போன் லைனில் பைல் பரிமாறுவார்கள். நிமிடத்துக்கு நிமிடம் காசு. அப்போது ஆர்க் என்ற அழுத்தி மிகப் பிரபலம். அதை எழுதியது தொம் ஹென்டர்சன், அவரது சீ என்ற சின்னக் கொம்பனி. ஃபில் கட்ஸ் ஆர்க் வடிவத்தையே கையாளும், ஆனால் பல மடங்கு வேகமான ஒரு நிரலை எழுதி வெளியிட்டார். 1988இல் சீ வழக்குப் போட்டது. கட்ஸின் நிரல் ஆர்க்கின் மூலநிரலிலிருந்து எடுக்கப்பட்டது என்று நிபுணர் அறிக்கை சொன்னது. கட்ஸ் காசு கட்டிச் சமாதானமாகப் போனார்.

சுவாரசியம் அதற்குப் பிறகுதான். சட்டப்படி சீ பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் சனம் கட்ஸ் பக்கம் நின்றது. பெரிய கொம்பனி ஒன்று தனி ஆளை நசுக்குகிறது என்று கதை பரவியது. உண்மையில் சீயும் ஒரு சின்னக் குடும்பக் கொம்பனிதான். கோபத்தில் ஆட்கள் ஆர்க்கைக் கைவிட்டார்கள். 1989இல் கட்ஸ் புதிதாக சிப் வடிவத்தைக் கொண்டுவந்தபோது அதன் முழு விவரக்குறிப்பையும் யாரும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டார். வழக்கில் பட்ட அடி அவருக்கு அதைப் படிப்பித்திருக்கலாம். வெற்றி சிப்புக்கு. சரித்திரத்தில் நல்லவர் கெட்டவர் என்று இரண்டு பெட்டிக்குள் ஆட்களைப் போட்டு மூடுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது நல்ல உதாரணம். கட்ஸ் மதுப் பழக்கத்தால் உடல் கெட்டு, 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் மில்வோக்கியில் ஒரு ஹோட்டல் அறையில் இறந்தார். வயது 37. ஒவ்வொரு நாளும் உலகம் முழுக்க எழுதப்படுகிற கோடிக்கணக்கான பைல்களின் தலையில் அவருடைய பெயர் இன்னும் இருக்கிறது.

இப்போது "அன்எக்ஸ்பெக்டட் என்ட் ஒஃப் ஆர்க்கைவ்" என்ற செய்திக்கு வருவோம். சிப் பைலின் பொருளடக்கம் புத்தகத்தைப் போல முன்னால் இல்லை, கடைசியில் இருக்கிறது. காரணம் ப்ளொப்பி. ஒரு பெரிய சிப்பைப் பல ப்ளொப்பிகளில் எழுதிக்கொண்டு போகும்போது எத்தனை வரும், எது எதில் இருக்கும் என்று முதலிலேயே தெரியாது. எழுதி முடித்த பிறகுதான் பட்டியல் போடலாம். அதனால்தான் அந்தக் காலத்தில் விரிக்கத் தொடங்கும்போதே "கடைசி டிஸ்க்கைப் போடு" என்று கேட்கும். இன்று ப்ளொப்பி இல்லை, ஆனால் பட்டியல் இன்னும் கடைசியில்தான். டவுன்லோட் 99 வீதத்தில் அறுந்தால் அறுந்துபோவது அந்தப் பட்டியல். உள்ளே பொருள் எல்லாம் பத்திரமாக இருந்தாலும், திறக்கிற மென்பொருளுக்கு ஒன்றும் தெரியாது. இப்படியான நேரத்தில் வின்ரார் மாதிரி மென்பொருள்களில் இருக்கும் "ரிப்பெயார்" பலமுறை கைகொடுப்பது இதனால்தான். ஒவ்வொரு பைலுக்கும் முன்னாலும் ஒரு சின்னத் தலைப்பு இருக்கிறது, அவற்றைத் தேடிப் பட்டியலை மறுபடி எழுதலாம்.

மிச்சம் சொல்லும் சாட்சி

"சிஆர்சி பெயில்ட்" என்பது வேறு பரம்பரை. 1961இல் டபிள்யூ. வெஸ்லி பீட்டர்சன், டி. டி. பிரவுண் என்ற இருவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வருவது. புத்தகத்தின் பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் இலக்கம் இருக்கும். அதன் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் பார்த்துப் போட்டது. ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினால் கணக்கு இடிக்கும். சிஆர்சியும் அதே வேலைதான். முழு பைலையும் ஒரே பெரிய எண் மாதிரி எடுத்து, குறித்த ஒன்றால் வகுத்து, மிச்சத்தை மட்டும் கூடவே அனுப்புவார்கள். இந்தப் பக்கம் விரித்த பிறகு மீண்டும் வகுத்துப் பார்ப்பார்கள். மிச்சம் ஒத்துவராவிட்டால் பைல் மாறிவிட்டது.

சிப்பில் உள்ளது 32 பிட் சிஆர்சி. கெட்ட பைல் ஒன்று தற்செயலாக அதே மிச்சத்தைத் தந்து தப்பிப்போக, ஏறக்குறைய 430 கோடியில் ஒரு வாய்ப்புத்தான். வலுவான சாட்சி. ஆனால் இந்தச் சாட்சிக்கு ஒரு குறை: "ஏதோ பிழைத்துவிட்டது" என்று மட்டும்தான் சொல்லும். எங்கே, எப்போது, யாரால் என்று சொல்லாது. அனுப்பியவர் அழுத்தும்போதா, வழியிலா, உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலா, ரேமிலா? அதற்குத் தெரியாது. திருத்தவும் தெரியாது.

திருத்துவதற்கு யூஜின் ரோஷல் ஒரு வழி வைத்தார். அவர் 1993இல் உருவாக்கிய ரார் வடிவத்தில், விரும்பினால் மீட்புப் பதிவு என்று கொஞ்ச மேலதிக தகவலைச் சேர்க்கலாம். பைலில் சிறு பகுதி கெட்டால் அதை வைத்துத் திருப்பிக் கட்டலாம். அதாவது மிச்சம் பிடித்த இடத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்து மெத்தையை மீண்டும் விரிக்கிறார்கள். முக்கியமான எதையாவது ராராக்கி வைக்கிறீர்கள் என்றால் அந்தப் பெட்டியில் ஒரு டிக் போட மறக்காதீர்கள்.

தமிழுக்கு இடமில்லாத பெட்டி

நமக்கென்றே வரும் ஒரு எரரும் உண்டு. தமிழில் பெயர் வைத்த பைல்களை சிப் பண்ணி அனுப்பினால், மற்றப் பக்கத்தில் திறக்கிறவருக்குப் பெயர்கள் ஏதோ விசித்திரக் கோடும் புள்ளியுமாகத் தெரியும். சில மென்பொருள் விரிக்கவே மறுக்கும். காரணம், சிப் பிறந்தபோது பைல் பெயருக்கு ஐபிஎம்மின் 437ஆம் இலக்க எழுத்துப் பட்டியலையே விதியாக வைத்தார்கள். அதில் மொத்தம் 256 இடம். ஆங்கிலமும் கொஞ்ச ஐரோப்பிய எழுத்தும் பெட்டி வரையும் கோடுகளும் இருந்தன. தமிழ் இல்லை. சிங்களமும் இல்லை. யூனிகோட் பெயர் என்று அடையாளம் இடும் வசதி விவரக்குறிப்பில் சேர்ந்தது 2006இல்தான். பழைய மென்பொருள் அந்த அடையாளத்தைப் பார்க்காது.

அதே காலத்து இன்னொரு எல்லை 4 ஜிபி. முதல் சிப் வடிவத்தில் ஒரு பைலின் அளவை எழுத 32 பிட் மட்டுமே ஒதுக்கினார்கள். 1989இல் 4 ஜிபி என்பது கனவிலும் வராத அளவு. எஃப்ஏடி32 முறையில் போர்மட் செய்த பென்ட்ரைவிலும் இதே எல்லைதான். 6 ஜிபி கேம் பைலை அதில் கொப்பி பண்ண ஏலாமல் போவது பென்ட்ரைவின் பழுது அல்ல, யாரோ ஒரு பொறியியலாளர் எப்போதோ "இது காணும்" என்று நினைத்த கணம்.

பிழை யாருடையது?

இப்போது நம் கேமுக்கு வருவோம். கேம்கள் பெருக்கப் பெருக்க அழுத்தும் முறைகளும் கடுமையாகின. சிப்பில் பின்னால் போய்ப் பார்க்கக்கூடிய தூரம் 32 கிலோபைட்தான். ஈகோர் பாவ்லோவின் செவன்சிப் 1999இல் வந்தது; அதன் எல்ஸெட்எம்ஏ முறையில் அந்தத் தூரம் நூற்றுக்கணக்கான மெகாபைட் வரை போகலாம். நிறைய அழுத்தலாம், ஆனால் விரிக்கிறவரும் அவ்வளவு தூரத்தையும் ரேமில் வைத்திருக்க வேண்டும். சின்னதாக அழுத்திய கேம் பொதிகள் 4 ஜிபி ரேம் லேப்டொப்பில் மூச்சுத் திணறுவதும், ரேமில் ஒரு மூலை பழுதாக இருந்தால் அது முதன்முதலில் இன்ஸ்டோலிலேயே வெளிப்படுவதும் இதனால். வேறு வேலையில் ஒரு பிட் மாறினால் பாட்டில் ஒரு "டிக்" சத்தம், படத்தில் ஒரு புள்ளி, கண்டுகொள்ளவே மாட்டோம். அழுத்திய பைல் மட்டும்தான் ஒரு பிட்டுக்கும் கணக்குக் கேட்கும்.

இதற்கு ஆகப் பெரிய உதாரணம் அண்மையில் நடந்தது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரக ப்ரொசெசர் வைத்திருந்தவர்களுக்கு கேம் திறக்கும்போது விழத் தொடங்கியது. சிலருக்கு "ஊடில்" என்ற விரிப்பியின் எரர். சிலருக்கு "வீடியோ மெமரி போதாது" என்ற செய்தி, கார்டில் இடம் தாராளமாக இருந்தும். ஆட்கள் கேம் செய்தவர்களைத் திட்டினார்கள், க்ராபிக்ஸ் கார்ட் கொம்பனியைத் திட்டினார்கள், ஊடிலைத் திட்டினார்கள். ஊடிலைச் செய்யும் ராட் கேம் டூல்ஸ் தங்கள் நிரலில் பிழை காணவில்லை, ப்ரொசெசரிலேயே ஏதோ பிரச்சினை என்று எழுதிப் போட்டது. 2024 ஏப்ரலில் என்விடியாவும் இப்படியான செய்தி வருகிறவர்களை இன்டெலிடம் போகச் சொன்னது.

2024 ஜூலையில் இன்டெல் ஒத்துக்கொண்டது: ப்ரொசெசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும்படி அதன் மைக்ரோகோட் நடந்துகொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதக் காலத்தை இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன ப்ரொசெசரைத் திருத்தம் குணமாக்காது, மாற்றத்தான் வேணும்.

உலகத்தின் மிகப் பெரிய சிப் கொம்பனிகளில் ஒன்றின் குறையை முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் ஒன்று, கேமுக்குள் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒரு சின்ன நிரல். ஏனென்றால் அதுதான் ஒவ்வொரு பிட்டையும் சரிபார்த்துக்கொண்டு இருந்தது. அதற்குக் கிடைத்தது திட்டு.

சத்தம் போடாத பிழை

எரர் வராமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு எதிர்க்கதை. 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி விஞ்ஞானி, சீராக்ஸ் ஸ்கேனர் ஒன்றில் எடுத்த கட்டட வரைபடத்தில் அறைகளின் அளவு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். எழுத்து மங்கவில்லை. வடிவாக, தெளிவாக, பிழையான இலக்கம் இருந்தது. ஜேபிக்2 என்ற அழுத்து முறை, ஒரேமாதிரி இருக்கிற எழுத்துத் துண்டுகளை ஒன்றாக எண்ணி ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருக்கிறது. 6 இருந்த இடத்தில் 8. "பின்னால் போ, பார்த்து எழுது" என்ற அதே யோசனைதான். ஆனால் இங்கே அச்சொட்டாக ஒத்துப்போக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, ஏறக்குறைய ஒத்தால் போதும். எந்தப் பெட்டியும் குதிக்கவில்லை. சீராக்ஸ் பிறகு திருத்தம் வெளியிட்டது. அதற்கிடையில் எத்தனை கணக்குத் தாள், எத்தனை மருந்துச் சீட்டு அப்படி ஸ்கேன் ஆகி, மூலப் பிரதி எறியப்பட்டிருக்கும் என்று யோசித்தால் நெஞ்சு திக்கென்கிறது.

வரலாறு படிக்கிற எங்களுக்கு இது வேறு விதமாகவும் உறைக்க வேணும். பழைய பத்திரிகையை, கையெழுத்துப் பிரதியை ஸ்கேன் செய்து "பாதுகாத்துவிட்டோம்" என்கிறோம். எந்த முறையில் அழுத்தினோம், மூலத்தோடு ஒப்பிட்டோமா, சரிபார்ப்பு எண் எழுதி வைத்தோமா என்று கேட்பதில்லை.

சரி, பெட்டி குதித்தால் என்ன செய்வது? பிழை பயணம் செய்த வழியிலேயே நாமும் போகலாம். முதலில் பைல் வந்த வழி: தந்தவர் எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண் போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் மட்டும் மறுபடி டவுன்லோட். ஒத்துவந்தால் டேட்டாவை வீணாக்காதீர்கள், பிழை உங்கள் பக்கம். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, வைரஸ் கார்ட் ஏதாவது பைலைப் பிடித்து அடைத்ததா என்று பாருங்கள். போல்டர் பெயர்கள் நீண்டு 260 எழுத்தைத் தாண்டினாலும் விண்டோஸ் முரண்டு பிடிக்கும். டிரைவின் வேரிலேயே சின்ன ஆங்கிலப் பெயரில் போல்டர் போட்டு அதில் விரியுங்கள். அதே பைலை வேறு கொம்பியூட்டரில் விரித்துப் பாருங்கள். அங்கே விரிந்தால், அல்லது இங்கேயே ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில் நின்றால், ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்டை ஒரு இரவு ஓட விடுங்கள். ஓவர்குளொக் செய்திருந்தால் பழையபடி வையுங்கள்.

கடைசியாக ஒன்று, கேம் விளையாடாதவர்களுக்கும். உங்கள் டிசர்டேஷன் வேர்ட் பைலும் ஒரு சிப் மூட்டைதான். சமர்ப்பிக்கும் நாளில் "பைல் கரப்ட்" என்று வந்தால் உடனே அழத் தேவையில்லை. ஒரு கொப்பி எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டொக்எக்ஸை அழித்துவிட்டு சிப் என்று போட்டு, செவன்சிப்பில் திறந்து பாருங்கள். உள்ளே வேர்ட் என்ற போல்டரில் டொகியுமெண்ட் என்ற பைல் ஒன்று இருக்கும். படங்கள், அட்டவணை போனாலும், நீங்கள் எழுதிய வசனங்கள் அதற்குள்தான். அந்த ஒரு பைல் பிழைத்திருந்தால் மிச்சத்தைத் திரும்பக் கட்டலாம்.